வழித்துணை

குறிஞ்சி நிலமும் முல்லை நிலமும் கோடையின் வெப்பத்தால் வளங்குன்றியவிடத்துப் பாலை தோன்றும் என்பது இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்துட் காட்டிய கருத்து. ஆகவே, தமிழர்க்குப் பாலை ஒரு பருவத்தின் கோலமேயன்றித் தனி நாடன்று. ஆண்டு முழுவதும் பாலையாகவே கிடக்கும் நாடொன்றை யாம் கண்ணாரக் கண்டது அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த யூட்டாவிலேயாம்.

எம் தமையனார் அந்நாட்டில் உத்தியோக நிமித்தம் தனித்து வாழ்பவர். சென்ற ஜூலைத் திங்களின் தொடக்கத்தில், கல்லூரி திறக்குமுன், அவரும் யாமும் எஸ்கலான்டே என்னுஞ் சிற்றூரினின்று தென்கிழக்கே செல்லும் மண்சாலையில் மோட்டார் வண்டியிற் புறப்பட்டோம். அச்சாலை ஏறக்குறைய 60 மைல் நீளமுடையது. இடையே ஊருமில்லை; கடையுமில்லை. நீரும் உணவும் மாற்றுச் சக்கரமும் ஒரு மண்வெட்டியும் உடன் கொண்டோம். வலப்புறத்தே உயர்ந்த மேட்டுநிலமொன்றின் விளிம்பு மதில்போல் தொடர்ந்து வந்தது. இடப்புறத்தே எஸ்கலான்டே ஆற்றை நாடிச் செல்லும் ஆழ்ந்த மலையிடுக்குகள் பல. அங்குள்ள பாறைகளிற் பல, 15 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட பாலைகளின் மணற்குன்றுகள் இறுகிக் கல்லானவை. அன்று காற்று வரைந்த வரிகள் இன்றும் அவற்றிற் காணப்படுகின்றன. அக்கல்லை அறுத்து இடுக்காக்கியதோ நீர்! நீர் வறண்ட நாட்டைச் செதுக்கிய சிற்பி நீரே என்பது வியப்பன்றோ!

இவ்வழிக்கு ஒரு வரலாறுண்டு. 1879ஆம் ஆண்டின் இறுதியில், மார்மன் சபையைச் சார்ந்த ஏறக்குறைய 250 பேர், 83 வண்டிகளுடன், புதிய குடியேற்றம் அமைக்க இவ்வழியே போந்தனர். ஆறு வாரத்தில் முடியுமென்று கருதிய பயணம் ஆறு திங்களளவும் நீண்டது. கொலராடோ ஆறு அவர்கள் நின்ற பாறைக்குக் கீழே மிக்க ஆழத்திற் கிடந்தது. இறங்குதற்கு ஒரு பிளவே இருந்தது. அதனை வெடிமருந்தால் அகலமாக்கி, 1880 ஜனவரி 26ஆம் நாள் முதல், பலர் கயிறுகளைப் பின்னின்று பற்றியிழுக்க, வண்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினர். பாதை செப்பனிட்ட நாட்களில், குடைந்த மண்டபம் போன்ற பாறையொன்றிற் கூடிப் பிடில் வாசித்து நடனமாடினர். வழியிற் குழந்தைகளும் பிறந்தன.

அந்நாட்டிலேயே 1934 நவம்பரில் எவரெட் ருவெஸ் என்னும் 20 வயது இளைஞர், ஓவியம் வரைபவர், இரண்டு கழுதைகளுடன் தனியே சென்றார், மீண்டிலர். மறு ஆண்டு எஸ்கலான்டே ஊரார் தேடிச் சென்று கழுதைகளைக் கண்டனர். பாறையில் ‘நீமோ 1934’ என்ற எழுத்தும் கிடைத்தது. நீமோ என்பது இலத்தீனில் ‘ஒருவருமல்லர்’ என்று பொருள்படும். 2009இல் அவருடையவை என்று கருதப்பட்ட எலும்புகளும் மறு ஆராய்ச்சியிற் பிறருடையவையென்று தெளிவாயின.

“அவன் எவரையும் வேண்டாதிருந்தான், விடுதலை என்பது அதுவே,” என்றார் தமையனார். மூன்றாண்டாக அடுத்த வீட்டாரின் பெயரையும் அறியாது வாழ்பவர் அவர். ஆதலின் அச்சொல் எமக்கு அச்சந் தந்தது. ஆயினும் மறுத்துரைக்க மனம் வரவில்லை. விடுதியின் இரைச்சலிடையே தனிமையை விழையாத மாணவர் நம்முள் யாவர்?

அந்நடனப் பாறையை யாம் அடைந்தபோது, தொலைவில் மேட்டுநிலத்தின்மேற் கருமுகில் கவிந்தது. எம் தலைக்குமேல் வானம் நீலமாகவே இருந்தது. ஆனால் அந்நாட்டுப் பாறை மழைநீரை விரைந்து உறிஞ்சாமையால், எங்கோ பெய்த மழை உலர்ந்த ஓடைகளிற் பெருவெள்ளமாய் வந்துவிடும். ஆகவே அப்பாலுள்ள பிளவைக் காணாமலே திரும்பினோம். காலையில் உலர்ந்திருந்த ஓடையொன்றில் இப்போது செந்நீர் மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு ஓடிற்று. கடந்துவிடலாமோ என்று தமையனார் எண்ணி நிற்கையில், எதிர்க்கரையில் வந்த முதியவர் ஒருவர் தம் வண்டியினின்றிறங்கி, இரு கைகளையும் உயர்த்தி, வாரற்க என்று குறித்தார். வெள்ளத்தின் முழக்கத்தில் அவர் குரல் எமக்கு எட்டவில்லை. சற்று நேரத்தில் எம் கரையின் விளிம்பு பெயர்ந்து நீரில் வீழ்ந்தது.

இரண்டு மணி நேரம் இரு கரையிலும் காத்திருந்தோம். அவர் ஊருக்குத் திரும்பியிருக்கலாம், திரும்பினாரல்லர். நீர் வடிந்தபின் அவர் அப்புறத்தும் யாம் இப்புறத்துமாக மண்வெட்டியாற் கரையைச் சரித்து வண்டிக்கு வழிசெய்தோம். கரையேறியதும் தமையனார் அவர் பெயரை வினவினார். அம்முதியவரும் இவர் பெயரைக் கேட்டு, நாவிற் படியுமளவும் மும்முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஊர் சேருமட்டும் தமையனார் வேறொன்றும் பேசவில்லை.

பாலைவழிச் செல்லும் வணிகர் சாத்தாகக் கூடிச் சென்றனர் என்று நூல்களிற் படிக்கின்றோம். கள்வர்க்கு அஞ்சியே அவ்வாறு சென்றனர் என்று இதுகாறும் எண்ணியிருந்தோம். மண்வெட்டி பிடித்தபின், கரை செப்பனிடுதற்கும் பலர் கை வேண்டுமென்பது விளங்கிற்று. தனிமையின் இனிமையை யாம் இன்றும் மறுக்கவில்லை. ஆயினும் ருவெஸை நினைக்குந்தோறும் அவரைத் தேடிச் சென்ற ஊராரே எம் நினைவில் முன் நிற்கின்றனர். தம்மை ஒருவருமல்லர் என்று பாறையில் எழுதிச் சென்றவரை, அவர்கள் தம்முள் ஒருவராகவே கருதித் தேடினர்.