பைக் அலாரம்: கத்தினால் யார் வருவார்?

திருவல்லிக்கேணி சந்துகளில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் நடந்தவர்களுக்குத் தெரியும். ஏதாவது ஒரு மூலையில் ஒரு பைக் கத்திக்கொண்டிருக்கும். ஆறு விதமான ஓசையை ஒரு சுற்று முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மொட்டை மாடியில் படுத்திருப்பவர் ஒரு தடவை திட்டிவிட்டுத் திரும்பிப் படுப்பார், அவ்வளவுதான். அதே பழைய 'புலி வருது' கதை... என்ன, கத்துவது பையன் இல்லை, பெட்டி.

இவ்வளவு தெரிந்தும் பைக்குக்கு ஒரு அலாரம் மாட்டலாமா என்று யோசிக்காத மேன்ஷன்வாசி கிடையாது. காரணம் இருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலர் எடுக்கும்போதே ஐந்து வருடத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டியாக வேண்டும் என்று வந்துவிட்டது. அதனால் "இன்ஷூரன்ஸ்தான் இருக்கே" என்ற தைரியம் நிறையப் பேருக்கு. ஆனால் அந்தக் காப்பீடு, நம் வண்டி இடித்து அடிபட்டவருக்குக் கொடுப்பதற்கானது. வண்டியே காணாமல் போனால் அதிலிருந்து நயா பைசா வராது. திருட்டுக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்திருந்தால்தான் பணம். பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய வண்டிக்கு யார் அதை எடுக்கிறார்கள்?

அப்படி ஒரு பழைய வண்டிதான் அந்த மேன்ஷனின் மூன்றாவது மாடியில் இருக்கும் எஞ்சினியரிங் மாணவனுடையது. அப்பா கோவில்பட்டியில் ஓட்டி, பிறகு மகனுக்குக் கொடுத்துவிட்ட கிக்கர் ஸ்ப்ளெண்டர். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரை அதில்தான் சாப்பாட்டு டெலிவரி. அதில்தான் செமஸ்டர் ஃபீஸ். பக்கத்து மேன்ஷன் வாசலில் நின்ற ஒரு வண்டி ஒரே ராத்திரியில் மாயமானதும், பையனுக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்த பிறகு இரண்டு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது.

முதலில் யோசித்தது டிஸ்க் லாக். பிரேக் டிஸ்க்கில் மாட்டிவிட்டால் சக்கரம் சுற்றாது. அதிலேயே குட்டி பேட்டரியில் ஓடும் சைரனும் வருகிறது. நல்ல பொருள்தான். ஆனால் அதை மாட்ட டிஸ்க் வேண்டுமே! இந்த வண்டியில் முன்னாலும் டிரம், பின்னாலும் டிரம். அடுத்தது ஜிபிஎஸ். அதற்கு ஒரு சிம், மாதாமாதம் ரீசார்ஜ். சொந்த போனுக்கே ரீசார்ஜ் பண்ண யோசிக்கிறவன் வண்டிக்கு எங்கே பண்ணுவான்? மிச்சமிருந்தது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற ரிமோட் அலாரம்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடையில் அண்ணாச்சி டப்பாவைத் திறந்து காட்டினார். ஒரு சின்ன கறுப்புப் பெட்டி, ஒரு சைரன், இரண்டு ரிமோட், ஒரு கொத்து ஒயர். "125 டெசிபல் தம்பி. ஏரியாவே எழுந்துக்கும்" என்றார்.

இந்த டெசிபல் சமாச்சாரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். டப்பாவில் போடும் எண், சைரனுக்கு மிக அருகில், சாதாரணமாக ஒரு மீட்டரில் அளந்தது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறையும். 16 மீட்டருக்குப் போனால் 24 குறையும். அப்போதும் 101 மிச்சம். மூன்றாவது மாடியில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை ஐந்தில் வைத்துத் தூங்குகிறவனுக்கும் கேட்கத்தான் கேட்கும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அளவு என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன என்பது தனிக் கதை. ஆக, கேட்குமா என்பது பிரச்சினையே இல்லை. கத்துவது யார் வண்டி என்பதுதான் பிரச்சினை. எல்லா டப்பாவிலும் அதே ஆறு ஓசை. வாசலில் இருபது வண்டி நிற்கிறது. இருபது பேரும் "நம்ம வண்டியா இருக்காது" என்று படுத்துக்கிடப்பார்கள்.

மேன்ஷன் வாட்ச்மேன் தாத்தா இதை வேறு மாதிரி சொன்னார். "கத்துனா மட்டும் போதாது தம்பி, எது கத்துதுன்னு எனக்குத் தெரியணும். இல்லேன்னா நான் இருட்டுல எந்த வண்டியப் போய்ப் பாக்குறது?"

அலாரம் வாங்குகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம். அந்த ஒயர் கொத்தில் இரண்டு, இண்டிகேட்டருக்குப் போக வேண்டியவை. சைரன் கத்தும்போது அந்த வண்டியின் இண்டிகேட்டர்கள் விட்டு விட்டு எரியும். மாட்டுகிற பல இடங்களில் "அது எதுக்கு, வேஸ்ட்டு" என்று டேப் சுற்றி விட்டுவிடுகிறார்கள். உண்மையில் சைரனைவிட அவசியமானது அதுதான். தாத்தாவுக்கு வண்டியை அடையாளம் காட்டுவது அந்த மஞ்சள் வெளிச்சம்.

அடுத்தது பேட்டரி. அலாரம் சும்மா காத்துக்கொண்டிருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். காருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கிக்கர் ஸ்ப்ளெண்டரில் இருப்பது 12 வோல்ட், 2.5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. உள்ளங்கையில் அடங்கிவிடும். பையன் ரிச்சி தெருவில் வாங்கிய மல்டிமீட்டரை பேட்டரியின் நெகட்டிவ் ஒயருக்கு நடுவில் தொடராக வைத்து அளந்தான். 14 மில்லி ஆம்பியர். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்றால் 336 மில்லி ஆம்பியர்-ஹவர். புத்தம் புது பேட்டரி முழு சார்ஜில் இருந்தாலே ஏழு நாளில் காலி. இரண்டு வருடப் பழைய பேட்டரி என்றால் நாலு நாள் தாங்கினால் பெரிய விஷயம். தினமும் ஓட்டும்வரை சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், கவலையில்லை. செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகிறவனின் வண்டியில் அலாரமே சத்தமில்லாமல் செத்துப்போயிருக்கும். காவலுக்கு வைத்தவனே பட்டினியால் மயங்கி விழுந்த கதை. அதனால் கடையில் கேட்க வேண்டியது "எவ்வளவு கத்தும்" என்று இல்லை, "சும்மா இருக்கும்போது எவ்வளவு குடிக்கும்" என்று. (கடைக்காரர் முழிப்பார். டப்பாவில் போட்டிருந்தால் பாக்கியம்.)

மாட்டுவது தெருமுனை மெக்கானிக்கிடம். ஒயரைப் பல்லால் கடித்து உரித்து, முறுக்கி, டேப் சுற்றுவதுதான் அங்கே சம்பிரதாயம். பையன் கையில் சால்டரிங் அயர்னும் ஸ்லீவும் இருந்ததால் அந்த வேலையை அவனிடமே விட்டுவிட்டார். நல்லவேளை, பெரிய தப்பு நடக்கும் முன் தடுத்ததும் அவர்தான்.

"அண்ணே, கறுப்பு ஒயரு எர்த்துன்னு பேப்பர்ல போட்டிருக்கு. வண்டில இருக்குற கறுப்புல குடுத்துடவா?"

"டேய் டேய், இரு தம்பி! பேப்பர்ல இருக்குறது பெட்டியோட கறுப்பு. இந்த வண்டில எர்த்து பச்சை. கறுப்பு, சாவி போட்டா கரண்ட் வர்றது. ரெண்டையும் சேர்த்தே, புகைதான்."

ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பச்சைதான் எர்த். கறுப்பு, சாவிக்குப் பின்னால் வரும் பாஸிட்டிவ். இடது இண்டிகேட்டர் ஆரஞ்சு, வலது வெளிர் நீலம். மற்ற கம்பெனிகளில் நிறம் மாறும். நிறத்தை நம்பாமல் ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு வெட்டுவதுதான் பாதுகாப்பு. பேட்டரி பாஸிட்டிவை ஒட்டியே ஒரு பியூஸ் போட வேண்டும். சைரனின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐப்பசி மழையில் தண்ணீர் நிரம்பிவிடும். ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயரை இறுக்கிக் கட்டக்கூடாது. பெட்டியைச் சைடு பேனலுக்குள்ளேயே வைத்தால் கை விட்டதும் கிடைத்துவிடும். டேங்க்கைக் கழற்றி அதற்கு அடியில் வைத்தார்கள். அரை மணி நேரம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

வண்டியைக் கிளம்பவிடாமல் செய்யும் கட்-ஆஃப் ஒயரில்தான் நிஜமான சிக்கல். கிட்டில் வருவது பெரும்பாலும் பேட்டரி கரண்ட்டை அறுப்பதற்கானது. பழைய கிக்கர் வண்டியில் ஸ்பார்க்குக்கு பேட்டரியே தேவையில்லை. மேக்னட் காயிலிலிருந்து கரண்ட் நேராக சிடிஐக்குப் போகிறது. சாவியை அணைத்தால் சிடிஐயின் ஒரு ஒயர் எர்த் ஆகி, எஞ்சின் நிற்கிறது. பேட்டரியைக் கழற்றித் தூக்கிப் போட்டாலும் வண்டி கிக்கரில் கிளம்பும்! கிட்டின் கட்-ஆஃபை இதில் அப்படியே மாட்டினால் திருடனுக்கு ஒரு தடையும் இல்லை. மாற்றிக் கொடுத்து 12 வோல்ட் போய்விட்டால் சிடிஐ கெட்டுப்போகலாம். எனவே அண்ணன் அதை மாட்டவே இல்லை. சிடிஐ பக்கத்திலேயே அந்த ஒயரை எர்த் பண்ணும் ஒரு ரகசிய சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். செலவு சொற்பம், பேட்டரி குடிக்காது. எங்கே வைத்தார் என்று எழுதினால் அப்புறம் ரகசியம் ஏது :-)

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 வண்டிகளுக்கு இந்த வைத்தியம் ஒத்துவராது. அவற்றில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் ஈசியூவும் இருக்கின்றன. ஒயரிங்கை வெட்டினால் வாரண்டியிலும் வம்பு வரலாம்.

1998-ல் ஐரோப்பிய ஒன்றியம் புதுக் கார்களில் கட்டாயமாக்கியதும் சைரனை இல்லை, சரியான சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்பாதபடி தடுக்கும் இம்மொபைலைசரைத்தான். ஊரைக் கூப்பிடுவதைவிட வண்டியை நகரவிடாமல் செய்வது மேல் என்பது அங்கே அப்போதே புரிந்திருக்கிறது. பைக்கில் இன்னொரு தொல்லை, எஞ்சின் கிளம்பாவிட்டாலும் நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். அதற்கு மருந்து தூணோடு சேர்த்துப் பூட்டும் சங்கிலிதான்.

முதல் மூன்று ராத்திரி கூத்துதான். பூனை சீட்டில் குதித்தது, சைரன். மெயின் ரோட்டில் லாரி போனது, சைரன். மூன்றாவது நாள் மேனேஜர் "அந்தச் சனியனைக் கழட்டு, இல்லேன்னா ரூமைக் காலி பண்ணு" என்றார். சென்சாரின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சீட்டைத் தட்டினால் பேசாமல், ஸ்டாண்டை எடுத்தால் மட்டும் கத்தும் அளவுக்குக் கொண்டுவர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. பெட்டி மாட்டுகிற யாரும் இந்தக் கடைசி வேலையைச் செய்வதில்லை. தெருத்தெருவாகக் கேட்கும் அந்த வெட்டிக் கத்தல் எல்லாம் இதனால் வருவதுதான்.

பொங்கலுக்குப் பத்து நாள் லீவு. கிளம்புவதற்கு முன் பையன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி டேப் சுற்றினான். அலாரத்துக்கும் லீவு. ரகசிய சுவிட்ச்சைப் போட்டான், ஹேண்டில் லாக் போட்டான், பின் சக்கரத்தோடு தூணைச் சேர்த்துச் சங்கிலி. சாவி ஒன்றைத் தாத்தாவிடம் கொடுத்தபோது அவர் கேட்டார், "அந்த ரிமோட்டு?"

"பத்து நாளைக்கு அது கத்தாது தாத்தா. நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் எப்பவும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். வரும்போது பனங்கிழங்கு கொண்டா."