மழை நாளில் மகள் ஓடலாமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கூரத்தில் துணி உலராது, அப்பளம் நமுத்துப் போகும். எல்லா வீட்டிலும் உள்ள கதைதான். எங்கள் வீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு கவலை. ஒன்பதாவது படிக்கும் என் மகள் 100 மீட்டரும் 200 மீட்டரும் ஓடுகிறாள். தையில் போட்டி. நடுவே இரண்டு மாதம் அடைமழை!

"வயசுக்கு வந்த புள்ளைய மழையில ஓட விட்டா ஜன்னி கண்டுடும். வூட்டோட இருக்கட்டும்" என்பது என் மாமியாரின் கட்சி.

"ரெண்டு மாசம் நிறுத்தினா அப்புறம் யாரு அத்தை அனுப்பப் போறாங்க?" என்பது என் கட்சி. மழை விட்டால் பரீட்சை வரும். பரீட்சை முடிந்தால் வெயில் வரும். அதற்குள் யாராவது பெண் கேட்டு வருவார்கள். அப்படியே நின்றுபோன பெண்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அத்தையின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பயப்பட வேண்டியது எதற்கு என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? மழையில் நனைந்ததாலேயே ஜுரம் வந்துவிடாது. ஜலதோஷம் கிருமியால் வருவது. உண்மையான அபாயங்கள் வேறு.

முதலாவது இடி. இடிச் சத்தம் காதில் விழுந்த உடனே திடலை விட்டுக் கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம்.

இரண்டாவது, மழைக்கு முந்திய புழுக்கம். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். மூட்டம் போட்ட நாளில் கொடியில் போட்ட புடவை சட்டென்று உலருகிறதா? வியர்வையும் அப்படித்தான், ஆறாக வழியுமே தவிர உலராது, சூடு உள்ளேயே நிற்கும். ஒரு தரம் ஓடுவதால் கெடுதல் இல்லை. மூச்சு வாங்க விடாமல் திரும்பத் திரும்ப ஓடுவதுதான் ஆபத்து. அந்த நாட்களில் ஆறு ஓட்டத்தை நான்காக்கி, நடுவில் இருக்கும் ஓய்வை இரட்டிப்பாக்கச் சொல்லியிருக்கிறேன். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் கூடவே போகும். தலைசுற்றல், வாந்தி என்றால் ஓட்டத்தை அன்றோடு நிறுத்திவிட வேண்டும். பேச்சுக் குழறினால் தாமதம் கூடாது. நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும்.

மூன்றாவது, குளிர்ந்துபோன தசை. ஈரத்தில் நின்றுவிட்டுத் திடீரென்று வேகம் பிடித்தால் பின்தொடை சுளுக்கிக்கொள்ளும். ஓட்டத்துக்கு ஓட்டம் துடைத்துக்கொள்ள உலர்ந்த துண்டும், மேலே போட்டுக்கொள்ள ஒரு பழைய ஸ்வெட்டரும் பையில் வைக்கிறேன். புல் ஈரமாக இருந்தால் நேர்கோட்டில் முக்கால் வேகம்தான்; வளைவில் ஓடுவதும் பாய்ந்து கிளம்புவதும் தரை காய்ந்த பிறகு. கொட்டுகிற நாளில் எங்கள் தாழ்வாரமே திடல்! முழங்காலை உயர்த்தி நின்ற இடத்தில் ஓட்டம், ஸ்கிப்பிங், குந்தி எழுதல் என்று அரைமணி போதும்.

வீடு வந்ததும் ஈர உடுப்பை மாற்றி, கால்விரல் இடுக்குகளைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சேற்றுப்புண். ஷூவுக்குள் பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்தால் காலைக்குள் ஈரத்தை இழுத்துவிடும். 'அந்த' நாட்களிலும் வலியோ அதிகப் போக்கோ இல்லாவிட்டால் ஓடலாம். நனைந்த துணியை உடனே மாற்றினால் சரி. ஜுரம் இருந்தால் மட்டும் கண்டிப்பாக ஓய்வுதான்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு மதுரைப் பக்கத்து சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைச் சொல்வேன். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். கூலி வேலை செய்து வளர்த்த பாட்டி ஆரம்மாள், ஊர்ப் பேச்சைக் காதில் வாங்காமல் பேத்தியை ஓட விட்டார். ஆரம்பத்தில் காலுக்கு ஷூகூட இல்லை. அந்தப் பெண்தான் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4 x 400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

இந்தக் கதையை நான் சொன்னபோது அத்தை ஒன்றும் பேசவில்லை. "அந்தப் பாட்டிக்கு என்ன வயசிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் தூறலில் பேத்தி கிளம்பியபோது, "துண்ட மறந்துட்டு போறா பாரு" என்று வாசல்வரை எடுத்துக்கொண்டு ஓடியவரும் அவர்தான்.

உங்கள் வீட்டிலும் ஓடுகிற பெண் இருந்தால், வானத்தைப் பார்த்துப் பயிற்சியை மாற்றுங்கள்; நிறுத்திவிடாதீர்கள்.