தூதர் கட்டிய மாளிகை

ஹைதராபாத்துக்குப் போகிறவர்கள் சார்மினாரையும் கோல்கொண்டாவையும் கண்டு களித்துத் திரும்பிவிடுகிறார்கள். மூசி நதியின் வடகரையில், கோட்டி என்னும் பகுதியிலுள்ள பழைய ரெஸிடென்ஸி மாளிகையையும் அவர்கள் அவசியம் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நிஜாம் கும்பினியாரின் படைக்கு இடமும் பணமும் கொடுத்துத் தம் சுதந்திரத்தை இழந்த கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையைக் கல்லிலும் சுண்ணத்திலும் அங்கே கண்டேன்.

நிஜாமின் தர்பாரில் கும்பினியாரின் தூதராக இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக் என்பவர் 1803-ஆம் ஆண்டு வாக்கில் இதைக் கட்டத் தொடங்கினார். சென்னை எஞ்சினீயர் படையைச் சேர்ந்த ஸாமுவேல் ரஸ்ஸல் இதன் அமைப்பை வகுத்தார். செலவோ நிஜாமுடையது! வடக்கு முகப்பில் ஆறு கொரிந்தியத் தூண்கள் ஓங்கி நிற்கின்றன. அவற்றின் மேலுள்ள முக்கோண முகட்டில் கும்பினியின் சின்னம். அகன்ற படிகளின் இரு மருங்கிலும் சிங்கங்கள். உள்ளே இரண்டு மாடி உயரமுள்ள தர்பார் மண்டபம். தூதர் என்றால் ஓர் அரசின் சொல்லை மற்றோர் அரசிடம் பணிவுடன் எடுத்துரைப்பவர் அல்லவா? இந்த முகப்பில் பணிவு எங்கே இருக்கிறது? 1857 ஜூலை 17 அன்று துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் தலைமை தாங்க, கிளர்ந்தெழுந்த ஜனங்கள் இந்த வாயிலை நோக்கியே வந்ததில் வியப்பில்லை.

பின்புறத் தோட்டம் வேறொரு கதை சொல்கிறது. கிர்க்பாட்ரிக் கைருன்னிஸா என்ற உயர்குல ஹைதராபாத் பெண்ணை மணந்து, அவளுக்காக ரங்க மஹால் என்னும் அந்தப்புரத்தை எழுப்பினார். பர்தாவிலிருந்த அவள் மாளிகையின் முகப்பைக் காண்பதற்கில்லை. ஆகவே அதன் சிறிய பிரதி ஒன்றைத் தோட்டத்தில் அமைத்துக் கொடுத்தாராம். அந்தக் கலப்பு மணத்தின் நினைவே பின்வந்த வெள்ளையருக்கு உறுத்தலாயிற்று. 1860-ல் ரங்க மஹாலை இடித்துவிட்டார்கள். பொம்மை வீடு மட்டும் தோட்டத்தில் எஞ்சியது.

காலப்போக்கில் மாளிகையும் சிதைந்தது. 2002-ல் உலக நினைவுச் சின்ன நிதியம் இதை அபாயத்திலுள்ள கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. பின்னர் பழுது பார்க்கும் பணிகள் நடந்தன. அந்நியர் ஆண்ட வீட்டை நாம் ஏன் பேண வேண்டும் என்று கேட்பாருண்டு. கல்லும் பணமும் உழைப்பும் இந்த நாட்டினுடையவை என்பது ஒரு பதில். அதனினும் சிறந்த பதில் ஒன்று உண்டு. 1949-ல் ஒரு பெண்கள் கல்லூரி இங்கே குடிபுகுந்தது. ஒரு பெண் பொம்மையில் மட்டுமே பார்த்த முகப்பின் படிகளில், பல்லாயிரம் பெண்கள் புத்தகங்களுடன் ஏறிச் சென்றார்கள்.