ஏன் தாமதமாக வந்தாய்?

என் சித்தி மகளுக்கு அப்போது 31 வயது. நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் மார்பில் கட்டி தட்டுப்பட்டது. இரண்டு முறை போய்க் காட்டினாள். "பால் கட்டியிருக்கும்மா, சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த வயதில் புற்றுநோய் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. எட்டு மாதம் கழித்துத்தான் ஸ்கேனும் திசுப் பரிசோதனையும். அதற்குள் அக்குள் வரை பரவியிருந்தது.

"ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தே?" என்றார் மருத்துவர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இன்றும் உறுத்துகிறது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மருந்துச் செலவைப் பார்த்துக்கொண்டது. கூலியை யார் பார்ப்பது? 21 நாளுக்கு ஒரு கீமோ. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நாள் வேலை போகும். நான்காவது கீமோவுக்கு அவள் போகவில்லை. "வேலையும் போயிடுச்சுன்னா பிள்ளைங்களுக்கு யாருண்ணா சோறு போடுவா?" என்றாள்.

ஈ.எஸ்.ஐ.யில் இரண்டாண்டு தொடர்ந்து இருந்த தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால், நீட்டித்த நோய்க்கால உதவியாகக் கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். ஆறு வருடம் குப்பை அள்ளியவளை ஒப்பந்ததாரர் ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கவே இல்லை. நாங்கள் பணம் திரட்டி மறுபடி அழைத்துப்போவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அவள் பிள்ளைகள் இப்போது எங்கள் வீட்டில் வளர்கிறார்கள்.

விழிப்புணர்வு முகாம் நடத்தும் தோழர்களே, மார்பைத் தடவிப் பார்க்கச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால், அங்கிருந்து தொடங்குங்கள்.