ஆனர்ஸ் என்றதும் பயந்து இடத்தை விட்டுவிடாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் போன வாரம் பாகூரிலிருந்து போன் செய்தார். இப்போது கொத்தனார். மகளுக்குப் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் கிடைத்திருக்கிறது. "நாலு வருசம் ஆனர்ஸாம் டீச்சர். அதெல்லாம் ரேங்க் வாங்குற பிள்ளைங்களுக்குத்தானே? பாப்பா 68 பர்சன்ட்தான். நாலு வருசம் என்னால தாங்கவும் முடியாது. வேணாம்னு சொல்லிடட்டுமா?"

எனக்குப் பகீர் என்றது. அவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் பிள்ளை அவள்.

ஆனர்ஸ் என்ற பெயர்தான் வம்பு. அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் படித்த பி.ஏ. ஆனர்ஸ் வேறு, அந்தக் காலத்தில் அது பொறுக்கி எடுத்த சில பேருக்கான வகுப்பு. அந்த நினைப்பு இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. யுஜிசி 2022 டிசம்பரில் கொண்டுவந்த திட்டத்தில் ஆனர்ஸ் என்பது நான்காவது வருடம், அவ்வளவுதான். மூன்று வருடத்தில் 120 கிரெடிட் முடித்தால் டிகிரி. இன்னொரு வருடம் இருந்து 160 ஆக்கினால் ஆனர்ஸ் டிகிரி. (கிரெடிட் என்றால் மார்க் இல்லை. வாரம் ஒரு மணி நேரப் பாடம், ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட்.)

ஆக, சேரும்போதே நாலு வருடத்துக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. மூன்றாம் வருட முடிவில் டிகிரியோடு வெளியே வரலாம். யுபிஎஸ்சி தேர்வுக்குக்கூட அந்த டிகிரி போதும்; ஆனர்ஸ் கேட்பதில்லை.

75 சதவீதம் என்று எங்கோ கேட்டுவிட்டுப் பயப்படுகிறார்கள். அது ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸுக்கு மட்டும். அதற்கும் பார்ப்பது பிளஸ் டூ மார்க்கை இல்லை, கல்லூரியில் முதல் ஆறு செமஸ்டர் மார்க்கை. 68 வாங்கிய பிள்ளைக்கு அதற்குள் மூன்று வருடம் இருக்கிறது!

நாலாவது வருடம் வீண் என்பவர்களுக்கும் ஒன்று. மூன்று வருட டிகிரிக்குப் பின் எம்.ஏ. இரண்டு வருடம். நாலு வருட ஆனர்ஸுக்குப் பின் எம்.ஏ. ஒரு வருடம். கூட்டிப் பாருங்கள், இரண்டும் ஐந்துதான். ஆனால் அந்த ஒரு வருட எம்.ஏ. நீங்கள் போக நினைக்கும் பல்கலைக்கழகத்தில் நடக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். மேலே படிக்கப் போவதில்லை, வேலைக்குத்தான் என்றால் மூன்றோடு நிறுத்துவதில் ஒரு குறைச்சலும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் நாலு படிக்கிறான் என்பதெல்லாம் ஒரு காரணமா?

அட்மிஷனுக்குப் போகிறவர்கள் ஆபீஸில் இரண்டு கேள்வி கேளுங்கள். எங்கள் பாடத்துக்கு நாலாம் வருடம் இதே கல்லூரியில் உண்டா? ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் அந்தத் துறையில் இருக்கிறாரா? சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே போனதும் மறந்துவிடும்.

பாகூர் பாப்பா திங்கட்கிழமை பீஸ் கட்டப் போகிறாள். வேறு யாருக்காவது சந்தேகம் இருந்தால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். மத்தியானம் நான் தூங்குவேன்.