நான் வெட்டிய பாதி

பருவநிலை மாற்றம் பற்றி எந்த மேடையில் பேசினாலும் நெதர்லாந்துக் கதை ஒன்றைச் சொல்வேன். வசந்தம் சூடாக வந்தால் ஓக் மரம் முந்தித் துளிர்க்கிறது. தளிரைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்களும் முந்திப் பெருகி, கொழுத்து, கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் இறங்கிவிடுகின்றன. அந்தப் புழுக்களை நம்பிக் குஞ்சு வளர்க்கும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானோ குளிர்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அது பகல் நீளத்தை வைத்துக் கிளம்பும் பறவை. ஐரோப்பாவில் வெயில் முந்திக்கொண்ட சேதி அதற்கு எட்டாது. வந்து, முட்டையிட்டு, குஞ்சுகள் வாய் பிளக்கும்போது பந்தி முடிந்திருக்கும். புழுக்கள் மிகவும் முந்திய காடுகளில் இந்தப் பறவை இருபது ஆண்டுகளில் சுமார் 90 சதவீதம் குறைந்ததாக 2006இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அந்த எண்ணைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன். அரங்கம் உச்சுக் கொட்டும்.

சொன்னதில் தவறில்லை. ஆனால் அதே ஆய்வில், புழுக்கள் பிந்தி வரும் காடுகளில் சரிவு சுமார் 10 சதவீதம்தான். அந்த எண்ணை ஒருநாளும் நான் சொன்னதில்லை.

நெதர்லாந்தின் ஹோகே வெலுவே காட்டில் 1955 முதல் கூட்டுப்பெட்டிகளில் கண்காணிக்கப்படும் பட்டாணிக் குருவிகளையும் விட்டுவிட்டேன். அவற்றுக்கும் புழுவோடு நேரம் தப்புகிறது. தப்பிய ஆண்டுகளில் கூட்டைவிட்டுப் பறக்கும் குஞ்சுகள் குறைவு. ஆனால் போட்டி குறைவதால் அந்தக் குஞ்சுகள் குளிர்காலத்தைக் கூடுதலாகத் தாண்டுகின்றன. மொத்த எண்ணிக்கை விழவில்லை என்று 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. இங்கிலாந்தின் வைத்தம் காட்டிலோ அதே இனம் 1961க்குப் பிறகு முட்டையிடும் நாளை ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்து, புழுவை விடாமல் பிடித்துக்கொண்டது. நெதர்லாந்தில் புழுவும் சும்மா இருக்கவில்லை. துளிர் வருமுன்பே பொரித்துப் பட்டினி கிடந்த அந்த இனம், தலைமுறை தலைமுறையாகப் பிந்திப் பொரிக்கும் பக்கம் நகர்ந்திருக்கிறது. எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடிக்கும். இருந்தும் வெட்டினேன்.

ஒரு கல்லூரியில் பேசி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "எல்லாப் பறவைக்கும் இப்படித்தான் ஆகுதா சார்?"

"ஆமாம்மா, எல்லாத்துக்கும்தான்" என்றேன். தெரிந்தே சொன்ன பொய் அது.

வெட்டியதைச் சொன்னால் பருவநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அந்தப் பயம் பாதிதான். பிழைத்த குருவிக்கு யாரும் உச்சுக் கொட்ட மாட்டார்கள் என்பது மீதி.

தூரதேசத்திலிருந்து வரும் பறவை அதிகம் மாட்டிக்கொள்கிறது, காட்டிலேயே தங்கும் பறவை உள்ளூர் வெப்பத்தைப் பார்த்து ஓரளவு சமாளிக்கிறது, வெப்பம் ஏறிக்கொண்டே போனால் அந்தச் சமாளிப்புக்கும் உத்தரவாதம் இல்லை: அவளுக்கு இவ்வளவு சொல்லியிருந்தால் போதும். நேரம் இருந்தது. மைக்கும் என் கையில்தான் இருந்தது.