எந்த மாதத்தில் கைக்கு வரும்?

ஜமுனாமரத்தூர் பக்கம் மூன்று ரூபாய் வட்டி என்றால் யாரும் திடுக்கிடுவதில்லை. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். அவசரம் முற்றினால் ஐந்து ரூபாய்க்கும் வாங்குவார்கள். ஆண்டுக்கு 36 சதவீதம், 60 சதவீதம் என்று சொன்னால்தான் ‘அவ்வளவா!’ என்பார்கள். இந்த ஜவ்வாது மலையில் உண்டு உறைவிடப் பள்ளி வாத்தியாராக இருந்து, ஓய்வுக்குப் பின்னும் இங்கேயே தங்கிவிட்டவன் நான். பழைய மாணவர்கள் வந்து, “சார், பணத்தை எதுல போடலாம்?” என்று கேட்டால், கடன் ஏதும் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.

கணக்கு எளிது. அஞ்சலகத்தில் மாதம் 500 ரூபாய் வீதம் ஐந்தாண்டு ஆர்.டி. கட்டினால், 6.7 சதவீத வட்டியில், போட்ட 30,000 ரூபாய் ஏறத்தாழ 35,680 ஆகிறது. லாபம் 5,680. மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கிய 10,000 ரூபாய்க் கடனோ மாதம் 300 ரூபாய் கேட்கும். அஞ்சலகம் ஐந்தாண்டில் தருவதை அது பத்தொன்பது மாதத்தில் தின்றுவிடும். அந்தக் கடனை அடைப்பதற்கு ஈடான முதலீட்டை எந்த வங்கியும் எனக்குக் காட்டியதில்லை.

கடன் இல்லாதவனிடம் அடுத்த கேள்வி, பணம் எந்த மாதத்தில் தேவைப்படும் என்பது. மாசி, பங்குனியில் புளி உலுக்கினால் கையில் காசு புழங்கும். அப்புறம் பள்ளிக்கூடம் திறக்கும், விதைப்பு வரும். சாமை வீடு வந்து சேரும்வரை ஆடியும் ஆவணியும் வறண்ட மாதங்கள். கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி அட்வான்ஸ் தூக்கிக்கொண்டு மலையேறுவதும் புளி வியாபாரி பிஞ்சிலேயே மரத்துக்கு விலை பேசுவதும் இப்படிக் கை வறண்ட வீடுகளைப் பார்த்துத்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இருபது தமிழர்கள் செத்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. செம்மரம் வெட்டக் கூப்பிடுகிறவனிடம் ‘வரமாட்டேன்’ என்று சொல்ல ஒரு வீட்டில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்? சேமிப்பின் பலனை நான் அதை வைத்துத்தான் அளக்கிறேன்.

அப்படி அளந்தால் ஆடு நன்றாகத் தேறும். சினைக்காலம் ஐந்து மாதம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒன்றரை ஆண்டில் இரண்டு ஈற்று, பல நேரம் இரட்டைக் குட்டி. இந்த வேகத்தில் பெருகும் வைப்புநிதி நாட்டில் இல்லை. வாங்க ஆள் தேடிப் போகவும் வேண்டாம். ஆனால் ஆட்டுக்கொல்லி நோய் புகுந்தால் பட்டியே காலியாகும். தடுப்பூசி போட்டிருந்தால் தப்பிக்கலாம். நாளைக்கே பணம் வேண்டும் என்று விற்கப் போனால் வியாபாரி முகத்தைப் பார்த்தே விலையைக் குறைப்பான். இன்னொரு செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை: மேய்க்கிறது யார்? ஏழாம் வகுப்புப் பையன் வருகைப் பதிவேட்டில் காணாமல் போனால், பாதி நேரம் ஆட்டுக்குப் பின்னால்தான் இருப்பான். அப்படி வளர்ந்த ஆடு எத்தனை குட்டி போட்டாலும் அது நட்டம்தான் என்பேன்.

நிலம்? 2006 வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த பட்டா வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. பாதுகாப்புக்கு நல்லதுதான், அவசரத்துக்கு உதவாது. அதில் புளி நடலாம். ஒட்டுக்கன்று நாலைந்து ஆண்டில் காய்க்கத் தொடங்கும், விதைக்கன்றுக்கு அதைப்போல இரண்டு மடங்கு பொறுக்க வேண்டும்.

தங்கத்தின் குணம், மாலையில் கொண்டுபோனால் மாலையிலேயே பணம். 2012-க்குப் பிறகு சில ஆண்டுகள் அதன் விலையும் இறங்கிக் கிடந்ததை இப்போது யாரும் நினைப்பதில்லை. நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் அன்றைக்கே போய்விடும்.

பங்குச் சந்தைப் பண்டுகளைப் பற்றி இப்போது திருப்பூர் போய்வரும் பையன்கள் போனிலேயே காட்டுகிறார்கள். நான் எதிரியல்ல. 2020 ஜனவரியில் 42,000-ஐ நெருங்கிய சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000-க்கும் கீழே விழுந்தது. டிசம்பர் கடைசியில் 47,000-ஐத் தாண்டியது. பொறுத்தவனுக்கு லாபம். ஆனால் அந்த மார்ச்சில்தான் ஊரடங்கில் கம்பெனிகள் மூடி, பையன்கள் வெறுங்கையோடு மலையேறினார்கள். பொறுக்க முடிந்தவன் மாதச் சம்பளக்காரன்.

பெண்கள் குழுச் சேமிப்பைப் படித்தவர்கள் மதிப்பதில்லை. தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய ஏற்பாடு இது. குழுவுக்குள் கடன் வாங்கினால் வட்டி குழுவுக்கே திரும்புகிறது. ஆடியில் கேட்டாலும் பணம் கிடைக்கிறது. என் அளவுகோலில் இதற்குத்தான் முதலிடம்.

கீழே ஆரணியில் கடை விரித்த ஆருத்ரா நிறுவனம் லட்சத்துக்கு மாதம் 25,000 ரூபாய்க்கு மேல் தருவதாகச் சொன்னது. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொல்கிறது. கந்துவட்டிக்காரன்கூடக் கேட்கத் துணியாத வட்டியை ஒருவன் தருகிறேன் என்றால், எங்கிருந்து தருவான்?

போன மாசியில் ஒரு பழைய மாணவன் வந்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் சேர்த்த லட்ச ரூபாய். கடன் இல்லை.

“முப்பதாயிரத்தை போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்குல போட்டுட்டு மறந்துடு. 4 சதவீதம்தான் வரும், பரவாயில்ல. ஆடி மாசத்துக்கு அது.”

“பாப்பாவுக்கு சார்?”

“செல்வமகள் திட்டம். 8.2 சதவீதம். வருஷத்துக்கு 250 கட்டினாலும் கணக்கு ஓடும். ஆனா இருபத்தோரு வருஷக் கணக்கு அது. பதினெட்டு வயசுல படிப்புக்குப் பாதி எடுக்கலாம். நடுவுல உன் அவசரத்துக்கு அதுல கைவைக்க முடியாது. முடிஞ்சதை மட்டும் போடு.”

“மீதியில ஆடு வாங்கட்டுமா?”

“வாங்கு. மேய்க்கறது யாரு?”

“அம்மா இருக்காங்க சார்.”

அவருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். யோசித்தான். நாலு ஆடு என்று நினைத்து வந்தவன், இரண்டு போதும் என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை ஆர்.டி.யில் போட என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனான்.